கேட்டில் மாட்டிய சோறு

பிளாஸ்டிக் கவரோடு மேரிராணியின் கண்ணில் பட்டவர்கள் தொலைந்தார்கள். பாகலூர் ரோட்டுக் காய்கறிக் கடைக்காரர் சென்னகிருஷ்ணன், அவள் தூரத்தில் வருவதைப் பார்த்தாலே கவர்க் கட்டைத் தராசுக்கு அடியில் தள்ளிவிடுவார். "கவர்மென்டே தடைன்னு சொல்லிட்டு சும்மா இக்குது. நீ ஏம்மா என் உயிர வாங்கற?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார். "கவர்மென்டு உங்க கடையில கத்திரிக்கா வாங்கறதில்ல, நான் வாங்கறனே" என்று சொல்லிவிட்டாள். துணிப்பை இல்லாமல் அவள் கடைவீதிக்குப் போனதே கிடையாது. ஒரே ஒரு தடவை பையை மறந்துவிட்டு, வெண்டைக்காயைத் துப்பட்டாவில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். தெருவே பார்த்துச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். வேறு யாராவது செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நாமும் நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம்.

சிப்காட் தொழிற்பேட்டையில் சர்க்யூட் போர்டு பூட்டும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. அங்கே ஒவ்வொரு போர்டும் ஒரு ரோஸ் கலர் கவருக்குள் வரும். நிலைமின்சாரம் ஏறிப் போர்டு கெட்டுப்போகாமல் இருப்பதற்கான தனிக் கவர். நல்ல தடிமன். போர்டை எடுத்ததும் கவர் குப்பைக்குப் போய்விடும். ஷிஃப்ட் முடிவதற்குள் டிரம் டிரம்மாக நிறைவதைப் பார்க்க மேரிராணிக்கு வயிறு எரியும். எச்.ஆர். மேடம் பிரியதர்ஷினியிடம் போய்ப் பேசி, அதிலிருந்து கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி வாங்கினாள். சுற்றுச்சூழல் தினத்தன்று மேடம் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, குப்பையாகப் போவதை மறுபடி பயன்படுத்துகிற பெண் என்று பாராட்டினார். போட்டோவைக் கேன்டீன் சுவரில் மாட்டினார்கள். சாப்பாட்டுத் தட்டோடு அதைக் கடந்து போகும்போதெல்லாம் மேரிராணி கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பாள். அதில் தப்பும் இல்லை.

வீட்டில் இப்போது அவளும் கணவர் அருள்ஜோசப்பும் மட்டும்தான். அவருக்கு வேறொரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட். அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்து தூங்கிவிடுவார். மகள் ரெனிட்டா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். மகள் போய் ஒரு வருடமாகியும் மேரிராணியின் கை மட்டும் இன்னும் பழைய கணக்கிலேயே அரிசி போட்டுக்கொண்டிருந்தது. குறைத்துப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பாத்திரத்தைக் கழுவுவாள், நினைத்துக்கொண்டே முன்பு போலவே அள்ளிப் போடுவாள். மகள் பங்குச் சோறு தினமும் மிஞ்சியது. அந்தச் சோற்றைச் சாப்பிட்டது புட்டம்மா.

புட்டம்மா ஒரு மாடு. கறுப்பும் வெள்ளையுமான கலப்பு மாடு, பின்தெரு சரசம்மாவுடையது. சரசம்மாவுக்குக் கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. வீட்டில் பேச்சு தெலுங்கு; மாட்டிடம் பேசினாலும் தெலுங்குதான். "ரா தல்லி", வா தாயி என்று அவர் குரல் கொடுத்தால் எந்தத் தெருவில் நின்றாலும் அது திரும்பிப் பார்க்கும். மற்றவர்களிடம் பேசும்போது அது அவருக்குப் 'பாப்பா'. காலையில் பால் கறந்ததும் அவிழ்த்து விட்டுவிடுவார். அந்தப் பக்கத்தில் மாடு வைத்திருக்கிறவர்கள் எல்லாருமே அப்படித்தான். மேய்ச்சலுக்கு நிலம் இருந்த இடமெல்லாம் லேஅவுட் ஆகிவிட்டது. மாடுகள் வீடு வீடாக மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் தானே வந்து சேர்ந்துவிடும்.

புட்டம்மா மேரிராணியின் கேட்டுக்கு வருவது வெயில் ஏறிய பிறகு. மேரிராணிக்கோ விடிந்தும் விடியாததுமாகக் கம்பெனி பஸ். முதலில் சோற்றை ஒரு பேசினில் போட்டு கேட்டுக்கு வெளியே வைத்துப் பார்த்தாள். நாய்கள் கவிழ்த்தன. பிறகு ஒருநாள் பேசினே காணாமல் போனது. அதற்கப்புறம்தான் வீட்டில் கிடந்த ஒரு பழைய மெல்லிய கவரில் சோற்றைக் கட்டி, நாய்க்கு எட்டாத உயரத்தில் கேட் கம்பியில் மாட்டினாள். அன்றைக்கு லீவு. ஜன்னலருகே நின்று பார்த்தாள். புட்டம்மா வந்தது, கவரை முட்டியது. கவர் கிழிந்து சோறு கீழே கடப்பாக் கல்லில் விழுந்தது. ஒரு பருக்கை விடாமல் நக்கிச் சாப்பிட்டது. கிழிந்த கவர் கம்பியிலேயே ஆடிக்கொண்டிருந்தது. மேரிராணி அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். நல்ல ஏற்பாடுதான் என்று திருப்தியாக இருந்தது.

ஆனால் மெல்லிய கவரைக் காக்காய்கள் கொத்திக் கிழித்துவிட்டன. மாடு வருவதற்குள் பாதிச் சோறு போய்விட்டது. அதனால் ரோஸ் கவருக்கு மாறினாள். காக்காய் அலகுக்கு அது மசியவில்லை. எறும்பும் புகாதபடி மேலே இரட்டை முடிச்சு போட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தால் கேட் சுத்தமாக இருக்கும். கீழே ஒரு பருக்கை கிடக்காது, கம்பியில் கவரும் இருக்காது. தெருப் பெருக்குகிற அம்மா எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே நின்று வாளியில் ஊட்டுவாள். மற்ற நாட்களில் அந்தக் கேட்டில் என்ன நடந்தது என்பதை அவள் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மறுபடி அந்த ஜன்னலருகே நின்றிருந்தால் போதும். அவளுக்கு அது தோன்றவில்லை.

அந்த வருடம் புட்டம்மாவுக்குச் சினை ஊசி போட்டார்கள். அடுத்த மாதம் அது பருவத்துக்கு வரவில்லை. பால் குறைந்தது, பிறகு நின்றே போனது. வயிறு பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு வந்தது. சரசம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என்னா வயிறு பாத்தியா மேரி? ரெண்டு கன்னு போடுவா போல" என்று நாள் தவறாமல் சொல்லுவார். ஒருநாள் தெருப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு மாட்டுக்கு வளைகாப்பே நடத்திவிட்டார். மாட்டுக்கு வளைகாப்பா என்று அருள்ஜோசப் கேலி செய்தார். மேரிராணி காதில் வாங்காமல் வளையல்களைக் கயிற்றில் கோத்து எடுத்துப்போய்ப் புட்டம்மாவின் கழுத்தில் கட்டினாள். அன்றிலிருந்து இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டுமே என்று, வேண்டுமென்றே இன்னும் ஒரு கை அரிசி கூடப் போட்டாள். கேட்டில் இரண்டு கவர்கள் தொங்கின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தபோது சரசம்மாவிடமிருந்து போன் வந்தது. "மேரி, பாப்பா படுத்துட்டா. எழுப்பனா எழுந்திரிக்க மாட்டேங்கறா. எனக்கு பயமா இக்குது, ஓடி வா." மேரிராணி ஆட்டோ பிடித்து, பூசைக்குப் போன புடவையோடு அப்படியே கொட்டகைக்குள் நுழைந்தாள். புட்டம்மா பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வயிறு மட்டும் ஊதியிருந்தது. பிரசவ வலியாகத்தான் இருக்கும், மாதம் முந்திவிட்டது போல என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

கால்நடை டாக்டர் அசோக்குமார் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்தார். இடது விலாவுக்குப் பின்னால் முஷ்டியால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் குழிந்தது குழிந்தபடியே நின்றது. தோள்வரை நீளும் உறையை மாட்டிக்கொண்டு பின்பக்கமாகக் கையை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது சினைன்னு யாரும்மா சொன்னது?"

"ஊசி போட்டமே சார். அப்பறம் பருவத்துக்கே வரல. வயித்தப் பாருங்க" என்றார் சரசம்மா.

"நடுவுல ஒரு தடவை காட்டியிருக்கக் கூடாதா? கன்னுக்குட்டி எதுவும் இல்லம்மா."

"இல்லன்னா? செத்துட்டுதா?"

"செத்துப்போகவும் இல்ல. ஆரம்பத்துலேருந்தே இல்ல. சாப்பாடு உடம்புல ஒட்டாம மாடு காஞ்சு போயிருக்கு. அதனாலதான் பருவத்துக்கும் வரல, பாலும் நின்னுபோச்சு. வயித்துக்குள்ள இருக்கறது வேற."

சரசம்மா அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதமாக அவர் தடவிக் கொடுத்த வயிறு அது. காதை வைத்துக் கேட்டுவிட்டு, கன்று அசைகிறது என்று மேரிராணியிடம் அவர் சத்தியம் செய்ததுகூட உண்டு.

அறுத்து எடுப்பதைத் தவிர வழியில்லை, அப்படியும் பிழைக்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். கழுத்து வளையல்களைக் கழற்றச் சொன்னார். விலாவில் முடியை மழித்து, மரத்துப்போக ஊசிகள் போட்டார். சரசம்மா மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வெளியே வருவதை வாங்கிப் போட ஓர் ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், மேரிராணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிளாஸ்டிக் தொட்டியோடு உட்கார்ந்தாள்.

பெருவயிற்றைத் திறந்ததும் எழுந்த நாற்றத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கலைந்துபோனார்கள். டாக்டர் கையை முழங்கை வரை உள்ளே விட்டு இழுத்தார். கறுப்புக் கவர், பால் கவர், சிப்ஸ் பாக்கெட், கயிறு எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஈரமான போர்வைபோல் வந்தன. அடுத்த பிடியில் வந்தது ரோஸ் கலர். அதற்கடுத்த பிடியிலும் ரோஸ் கலர். பிறகு வந்ததெல்லாம் பெரும்பாலும் அதுதான்.

மேரிராணியின் கைகள் தொட்டியை விடாமல் பிடித்திருந்தன.

"இது என்ன கவரு? கடையில குடுக்கற மாதிரி இல்லியே" என்று டாக்டர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "பாரும்மா, முடிச்சுகூட அவுரல. அப்படியே முழுங்கியிருக்கு." கத்தரியால் அதை வெட்டினார். உள்ளே சோறு இருந்தது. கூழாகிப் புளித்திருந்தாலும் சோறு என்று தெரிந்தது. "சோத்து வாசனைக்கு மாடு கவரப் பிரிச்சிட்டா இருக்கும்? அப்படியே உள்ள தள்ளிடும். எவ்வளவு சாப்பிட்டும் பட்டினிதான் இது."

சரசம்மா அந்த முடிச்சைப் பார்த்தார். பிறகு மாட்டின் முகத்தைப் பார்த்தார். மேரிராணி அதுவரை அவரிடம் கேட்டிராத ஒரு குரல் அவரிடமிருந்து வந்தது.

"எவ இப்படி கட்டி வெச்சாளோ, அவ பெத்தது அவ கண்ணு முன்னாலயே இப்படி மூச்சு முட்டிக் கெடக்கணும். வாயில்லாத ஜீவன். கேக்கத் தெரியாது, சொல்லத் தெரியாது. அவ குடும்பம் நல்லாவே இக்காது."

சொல்லிவிட்டு, மாட்டின் தலையை மடியில் ஏந்தியபடியே ஒரு கையை நீட்டி மேரிராணியின் தோளைத் தொட்டார். "நீ ஒருத்தி போட்ட சோறுதான் மேரி அவளுக்கு ஒடம்புல ஒட்டிச்சு. நீயும் இல்லன்னா எப்பவோ போயிருப்பா."

மேரிராணி வாயைத் திறந்தாள். அதற்குள் டாக்டர் இன்னொரு பிடியை நீட்டினார், வாங்கித் தொட்டியில் போட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். கையிலிருந்து நாற்றம் போகவில்லை. அருள்ஜோசப் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சட்டைப் பட்டனைப் போட்டபடி நின்றுவிட்டார்.

"சரசக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சோறு வெக்கறது தெரியும். கவர்ல கட்டறது தெரியாது."

"அப்ப விடு. சொல்லி என்னா ஆவப் போவுது? நீ வேணும்னா செஞ்ச? ஊரெல்லாம் தான் கவரு கெடக்குது."

"ஊர்ல கெடக்கறது ரோஸ் கலர் இல்லீங்க."

"சொன்னா அந்தம்மா உன் மூஞ்சிலயே முழிக்காது, பாத்துக்கோ. இந்த ஊர்ல உனக்குன்னு இக்கறது அது ஒண்ணுதான்." அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ரெனிட்டாவை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த அன்று, ஏன் அழுகிறாய் என்று கேட்காமல் கூடவே உட்கார்ந்திருந்தவர் சரசம்மாதான். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்ததும் அவர்தான். சொல்லாமல் இருந்துவிட்டால் நாளைக்கும் அவர் வந்து பக்கத்தில் உட்காருவார். உன்னைப்போல் யாரும் என் பாப்பாவைப் பார்த்துக்கொண்டதில்லை என்று சொல்லுவார். ஒவ்வொரு நாளும் சொல்லுவார். அதைக் கேட்டுக்கொண்டு மேரிராணி உட்கார்ந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை விடிந்தபோது புட்டம்மா போய்விட்டது. மேரிராணி கம்பெனி பஸ்ஸுக்குப் போகவில்லை. தையல் போட்ட வயிறு, பல மாதங்களுக்குப் பிறகு ஒட்டிப்போய், ஒரு மாட்டின் வயிறு போலவே இருந்தது. மாநகராட்சி வண்டி வந்து தூக்கிக்கொண்டு போனது. சரசம்மா வண்டிக்குப் பின்னாலேயே தெருமுனை வரை ஓடினார். பிறகு நின்றுவிட்டார். மேரிராணி கைத்தாங்கலாகப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கொட்டகைக்குப் போனபோது சரசம்மா தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். சாணம் இல்லாத தரை. கழுவிய இடத்தையே மறுபடியும் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சரசக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு கண்ணு."

"அந்த ரோஸ் கலர் கவரு எங்க கம்பெனி கவருக்கா. நான்தான் கட்டி வெச்சன்."

சரசம்மாவுக்குப் புரியவில்லை. "நீ சோறுதான வெச்ச?"

"சோறுதாங்கா. வெறுமனே வெச்சா நாயி கவுத்துடுதுன்னு கவர்ல கட்டி கேட்ல மாட்டிட்டு போவன். மொத நாளு அவ கிழிச்சுத்தான் சாப்பிட்டா, என் கண்ணால பாத்தன். அதுக்கப்பறம் பாக்கல. கவரோட முழுங்குவான்னு எனக்கு தோணவே இல்லக்கா." இன்னும் ஏதேதோ சொல்ல நினைத்திருந்தாள். காக்காயைப் பற்றி, காணாமல் போன பேசினைப் பற்றி, விடியற்காலைப் பஸ்ஸைப் பற்றியெல்லாம். அந்தத் தரையில் நின்றபோது எல்லாமே அற்பமாக இருந்தது. அழுகைதான் வந்தது.

துடைப்பம் நின்றது. சரசம்மா நிமிர்ந்தார்.

"கட்டின கைக்கு, பிரிச்சு வெக்க எவ்ளோ நேரம்டீ ஆவும்?"

அடித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று மேரிராணி நினைத்தாள். துடைப்பம் அவர் கையில்தான் இருந்தது. அதை எடுத்து நாலு போட்டால் நின்று வாங்கிக்கொள்ளலாம். சரசம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார்.

"எனக்கு யாரு மேரி இக்கறாங்க? காலைல எழுந்து யாரக் கூப்பிடுவன்? போ. என் கண்ணு முன்னால நிக்காத. போயிடு."

மேரிராணி திரும்பினாள். கொட்டகை வாசல் தட்டி வரைக்கும் வந்திருப்பாள்.

"ஏ, நில்லு."

நின்றாள்.

"ரெனிட்டாவுக்கு போன் போடு."

"எதுக்குக்கா?"

"போடுன்னு சொல்றன் இல்ல. நேத்து நான் என்னா வாய விட்டுட்டன்னு நீதான கூட இருந்து கேட்ட? தெரியாம சொல்லிட்டன்டீ. மாடு கெடந்த கெடையில சொல்லிட்டன். போடு. ஸ்பீக்கர்ல போடு."

அவசரத்தில் இரண்டு தடவை வேறு எண்ணுக்குப் போனது. பிறகு மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. சரசம்மா சுவர்ப்பக்கம் திரும்பி, காலியான கட்டுத்தறியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடுகள் அசைந்தன. எந்தச் சாமியிடம் எதைத் திருப்பிக் கேட்டாரோ, மேரிராணிக்குக் கேட்கவில்லை. "மறுபடி போடு" என்றார் திரும்பாமலே.

இந்தத் தடவை எடுத்தாள்.

"என்னம்மா இந்நேரத்துல? வார்டுல இக்கறன். என்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல பாப்பா. நல்லா இக்கறியா?"

"நல்லாத்தான் இக்கறன். நீ ஏன் அழுவற? அப்பாவுக்கு ஏதாவதா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"சாப்பிட்டியா? ஜுரம் கிரம் இல்லியேன்னு கேளு" என்றார் சரசம்மா, சுவரிடம் சொல்வதுபோல.

மேரிராணி கேட்டாள். சாப்பிட்டேன், எனக்கு ஜுரமெல்லாம் எதுவும் இல்லை, உனக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது என்று மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் சரசம்மாவின் தோள்கள் தளர்ந்து இறங்கின. தறியை விட்டார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மேரிராணியைப் பார்க்காமலே அவளைத் தாண்டி வீட்டுக்குள் போனார்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. "அக்கா" என்று மேரிராணி கூப்பிட்டாள். கதவு திறக்கவில்லை. "ம்மா, லைன்ல இக்கறியா?" என்று ரெனிட்டா போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள்.